நாய்கள் சுகம் விசாரிக்கும் விதம்



இம்முறை எழுத எடுத்துக்கொண்ட விடயத்தைக் கண்டு உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சிலர் சிரிக்கவும் கூடும். எங்கள் தையல் பயிற்சிக்கு வரும் ஒரு தாய், தரம் மூன்றில் படிக்கும் தன் மகள் கேட்ட கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார். "பிள்ளை, றோட்டாலை போகேக்கை எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறாள், ஏனம்மா இந்த நாயள் ஒண்டையொண்டு கண்டவுடனை பின்பக்கத்தைப் போய் மணக்குதுகள் எண்டு. எனக்கு வெக்கமாப் போச்சுது. வாயிலை ஒண்டு போட்டுட்டன். ஆனா உண்மையைச் சொன்னா, எனக்கும் அது தெரியாது."

தையல் மெசினில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கிய அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பதில் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் எங்களுக்கும் வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அது நாய்கள் சுகம் விசாரிக்கும் விதம். நாங்கள் தெருவில் ஒருவரைக் கண்டால் முகத்தைப் பார்க்கிறோம். "எப்பிடி இருக்கிறியள், எங்கை போட்டு வாறியள், பிள்ளையள் என்ன செய்யினம்" என்று கேட்கிறோம். அவர் சொல்லும் பதிலை விட, அவருடைய முகமும் குரலும்தான் எங்களுக்கு அதிகம் சொல்லுகின்றன. நாயும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. வாயால் கேட்காமல் மூக்கால் கேட்கிறது. பதில் எங்கே இருக்கிறதோ அங்கே மூக்கைக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பதில் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? நாயின் மலவாசலின் இரண்டு பக்கங்களிலும் தோலுக்கு உள்ளே இரண்டு சிறிய பைகள் இருக்கின்றன. இவற்றில் ஊறும் திரவம் மெல்லிய குழாய்களால் வெளியே வருகிறது. நாய் மலம் கழிக்கும்போதும் சிறிது சேர்ந்து வரும். பெரிதாகப் பயந்துபோன நாயிடமிருந்து திடீரென்று அழுகிய மீனைப் போன்ற ஒரு நாற்றம் எழுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அது இந்தப் பைகளில் இருந்து வருவதே. 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பிரெற்றி என்ற இரசாயனவியலாளரும் அவருடைய குழுவினரும் இந்தத் திரவத்தைப் பகுத்துப் பார்த்தார்கள். நாயிடமும், நாயின் இனத்தைச் சேர்ந்த கொயோட் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கிடமும் இருந்து அதை எடுத்தார்கள். எளிதில் ஆவியாகும் பல அமிலங்களும், மீன் நாற்றத்தைக் கொடுக்கும் ஒரு பொருளும் அதில் இருந்தன.

இந்த மணத்தோடு சிறுநீரின் மணமும், தோலின் மணமும், உண்ட உணவின் மணமும் அதே இடத்தில் கலக்கின்றன. ஆகவே எதிரே நிற்பது ஆணா, பெண்ணா, பெண்ணானால் இணைசேரும் காலத்தில் இருக்கிறதா, முன்பு கண்ட நாயா, புதிதாக வந்ததா என்பவற்றை ஒரு நாய் அந்தச் சில விநாடிகளில் அறிந்துகொள்கிறது. எங்கள் ஊர்களில் கிராம அலுவலரிடம் ஒரு பதிவு எடுப்பதற்குக்கூட இதைவிட நேரம் செல்லும்!

இப்படி அறிந்துகொள்ள எங்கள் மூக்கால் முடியாது. மனிதரின் மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் ஏறக்குறைய 50 இலட்சம் இருக்கின்றன என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடியைத் தாண்டும். இனத்துக்கு இனம் இந்த எண்ணிக்கை வேறுபடும். ஆனால் கலங்களின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. நாயின் மூக்கை ஒருமுறை கிட்ட வைத்துப் பாருங்கள். மூக்குத் துவாரத்தின் இரு பக்கங்களிலும் சிறிய வெட்டுப் போன்ற இடைவெளி இருக்கும். நாய் முன்னால் காற்றை இழுக்கிறது. வெளிவிடும் காற்றை அந்தப் பக்கவெட்டால் பின்னோக்கி விடுகிறது. எனவே வெளிவிட்ட காற்று உள்ளே வரும் மணத்தைத் தள்ளிவிடுவதில்லை. மோப்பம் பிடிக்கும்போது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை இப்படி இழுத்து விடுகிறது. 2010 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மூக்குக்குள் காற்று செல்லும் வழியைக் கணினியில் கணித்துக் காட்டினார்கள். உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி மூச்சுக்காக நுரையீரலுக்குப் போக, எட்டில் ஒரு பங்களவு பின்புறத்தில் மணத்துக்கென்றே உள்ள தனி அறைக்குப் போய்த் தங்குகிறது. நாங்கள் மூச்சு விடும் வழியாலேயே மணக்கிறோம். நாய்க்கு அதற்கென்று ஒரு தனி அறையே இருக்கிறது.

இதற்கும் மேலாக நாயின் மேல்வாய்க் கூரைக்கு மேலே, முன்பற்களுக்குப் பின்னால், இன்னுமொரு உறுப்பு உண்டு. 1813 இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் என்ற வைத்தியர் அதை விவரித்து எழுதியதால் ஜேக்கப்சன் உறுப்பு என்று அழைக்கிறார்கள். தன் இனத்தைச் சேர்ந்த விலங்குகளின் உடலிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளை வாங்குவது அதன் முக்கிய வேலை. ஆண் நாய் ஒன்று சிறுநீர் பட்ட இடத்தை நக்கி, பல்லைக் கடகடவென்று அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் செய்தியை இந்த உறுப்புக்கு ஏற்றுகிற வேலையையே அது செய்கிறது.

இந்த மூக்கின் வலிமை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றும் பணிகளில் பயிற்றப்பட்ட நாய்களும் பயன்படுத்தப்பட்டன. மண்ணுக்குக் கீழே இருக்கும் வெடிமருந்தின் மணம் மேலே கசிவதை அவை கண்டுபிடித்து, அந்த இடத்தில் அசையாமல் அமர்ந்து காட்டும். இன்று நாங்கள் விறகு பொறுக்கவும் கச்சான் போடவும் போகும் காணிகளில் சிலவற்றை இந்த மூக்குகளும் சேர்ந்துதான் எங்களுக்குத் திருப்பித் தந்தன.

இனி, அவை சுகம் விசாரிக்கும் ஒழுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாளைக்குப் படலையில் நின்று பாருங்கள். நல்ல குணமுள்ள நாய் ஒன்று, முன்பின் தெரியாத இன்னொரு நாயை நேருக்கு நேர் முகம் பார்த்து நெருங்குவதில்லை. ஒரு வளைவாகச் சுற்றி, பக்கவாட்டில் வரும். கண்ணை உற்றுப் பார்க்காது. முதலில் காற்றை மணக்கும். பிறகு முகம், கழுத்து, விலா என்று போய்க் கடைசியில் வால்பக்கம் செல்லும். மற்ற நாயும் அதே நேரத்தில் இதை மணக்கும், அல்லது முதலில் நின்று இடம் கொடுத்துவிட்டுப் பிறகு தன் முறைக்கு மணக்கும். சில விநாடிகளில் விசாரணை முடிந்துவிடும். ஒன்று விளையாடக் குனியும், அல்லது இரண்டும் தங்கள் தங்கள் வழியில் போகும். 1992 இல் பிரித்தானியாவில் நாய்களின் சந்திப்புகளைக் கவனித்து எழுதிய இரண்டு ஆய்வாளர்கள், இந்தச் சந்திப்புகளில் பெரும்பகுதி மணந்து பார்ப்பதிலேயே கழிகிறது என்றார்கள். ஆண் நாய்கள் பெரும்பாலும் பின்பக்கத்தையும், பெண் நாய்கள் பெரும்பாலும் முகப்பக்கத்தையும் நாடின என்பது அவர்கள் கண்ட இன்னொன்று. பெண்கள் முகத்தைப் பார்த்தே கதையை அறிந்துவிடுகிறார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒரு அக்கா இதற்கு விளக்கம் சொன்னார். அது அவருடைய விளக்கம், ஆய்வாளர்களுடையதல்ல.

பயந்த நாய் வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொள்ளும். அது வெறும் பயத்தின் அடையாளம் மட்டுமல்ல. அப்படிச் செருகும்போது அந்த மணம் வெளியே போவதும் குறைகிறது. 'என்னைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்காதே' என்று சொல்வதற்கு நாயிடம் இருக்கும் ஒரு வழி அது. மற்ற நாய் நல்ல நாயாக இருந்தால் அதைப் புரிந்து விலகிப் போகும். வற்புறுத்தி மணக்கும் நாயைப் பார்த்துத்தான் சீறுவார்கள், கடிப்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது கனடாவில் பிறந்த ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளரைப் படித்தோம். 1971 இல் வெளியான தன் நூல் ஒன்றில், வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும் ஒருவர் மற்றவரின் வாழ்வுக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்குமான சடங்குகள் என்று அவர் விளக்குகிறார். கதவைத் தட்டாமல் ஒருவர் வாழ்வுக்குள் நுழைய முடியாது என்பதே அதன் பொருள். வேலைக்கு வந்த பிறகு இந்தப் பாடம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மீள்குடியேறிய கிராமங்களில் எத்தனை படிவங்கள் நிரப்பப்பட்டன! வாசலில் வந்து நின்று, இருக்கச் சொல்லுமுன்பே, "கணவர் இருக்கிறாரா, காணாமற் போனவரா, எந்த இடத்தில், எத்தனையாம் திகதி" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரே கதையை ஏழு எட்டுப் பேருக்குச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். ஏழாவது ஆளுக்குச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றுமே இராது. தெருநாய்கூட இன்னொரு தெருநாயிடம் இப்படி நேரே முகத்துக்கு முன்னால் வந்து கேட்பதில்லை.

மனிதர்கள் மணந்து பார்ப்பதில்லை என்று நினைக்கிறீர்களா? எங்கள் தமிழில் 'உச்சி மோத்தல்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த பிள்ளையை அம்மம்மா என்ன செய்கிறார்? இழுத்து அணைத்து உச்சியில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கிறார். நாங்கள் 'கொஞ்சுவது' என்று சொல்வதும் அதுதானே. கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுப்பது. 1983 இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் பல குழந்தைகள் அணிந்த சட்டைகளைக் கொடுத்து மணந்து பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலான தாய்மார் தங்கள் பிள்ளையின் சட்டையைச் சரியாக எடுத்துக் கொடுத்தார்கள். 2015 இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். தங்கள் பாலைச் சேர்ந்த ஒருவரோடு கைகுலுக்கிய பின், ஆட்கள் தம்மை அறியாமலே அந்தக் கையைத் தங்கள் மூக்கடிக்குக் கொண்டுபோவது கூடியது. மறைவாக வைத்த கமெராவில்தான் அது தெரிந்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்களும் மணந்துதான் பார்க்கிறார்கள். ஒளித்துச் செய்கிறார்கள், அவ்வளவே.

நாயின் மூக்கு இப்போது நடப்பதை மட்டும் அறிவதில்லை. நேரத்தையும் அறிகிறது. ஒருவர் நடந்துபோன தடத்தை நாய்க்குக் காட்டினால், அவர் எந்தத் திசையில் போனார் என்பதை அது சொல்லிவிடும். 2005 இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஐந்து காலடிகள் இருந்தால் போதும். முதலாவது அடியின் மணம் ஐந்தாவது அடியின் மணத்தைவிடச் சில விநாடிகள் பழையது. அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து நாய் திசையைப் பிடிக்கிறது. நீங்கள் சந்தைக்கோ, வைத்தியசாலைக்கோ, வழக்குக்கோ போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரும்போது உங்கள் நாய் செருப்பையும் சேலைக்கரையையும் விடாமல் மணப்பது இதனாலேயே. எந்த வழியால் வந்தீர்கள், எந்த வீட்டு நாய் உங்கள் பக்கத்தில் வந்தது, எங்கே இருந்தீர்கள் எல்லாம் அந்தக் கரையில் இருக்கிறது. கணவரிடமோ மாமியாரிடமோ மறைக்கலாம், நாயிடம் மறைக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. அதே பெல்பாஸ்ற் பல்கலைக்கழகத்தில் 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். 36 பேரை எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய வியர்வையையும் மூச்சையும் முதலில் சேகரித்தார்கள். பிறகு 9000 இலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டு சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். கடதாசி, பேனை இல்லை. (எனக்கு என்றால் அதைக் கேட்டவுடனேயே வியர்த்திருக்கும்.) அந்தப் பதற்றத்துக்குப் பிறகு மீண்டும் வியர்வையும் மூச்சும் எடுத்தார்கள். பயிற்றப்பட்ட நான்கு நாய்களிடம் இரண்டையும் கொடுத்தபோது, 720 தடவைகளில் 675 தடவை, பதற்றத்தின் பின் எடுத்ததை அவை சரியாகக் கண்டுபிடித்தன. ஒரே ஆள், சில நிமிட இடைவெளி, அதற்குள் உடலின் மணம் மாறிவிட்டிருந்தது.

இதை எங்கள் மாதாந்தச் சந்திப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, தனியாக இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தங்கச்சி சொன்னார்: "எனக்கு இரவிலை நெஞ்சு படபடக்கிற நேரம் நாய் வெளியிலை இருந்து எழும்பி வந்து கதவைச் சுறண்டும். நான் ஏதோ வெளியிலை சத்தம் எண்டு இன்னும் பயப்பிடுவன்." அந்த நாய் பயத்தை மணந்துதான் வந்தது என்று நான் அறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர் மூச்சு விடும் சத்தமும் அதற்குக் கேட்டிருக்கலாம். ஆனால் வாயால் யாரிடமும் சொல்லாத ஒன்று உடலால் வெளிவருகிறது என்பது உண்மை. நெஞ்சு படபடப்பதும், கை வியர்ப்பதும், நித்திரை முறிவதும் மனத்தின் பலவீனம் அல்ல. உடல் செய்கிற வேலை. அளந்து பார்க்கக் கூடிய, நாய்கூட அறியக் கூடிய வேலை. "நீ தேவையில்லாமல் யோசிக்கிறாய்" என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்குப் போவதற்கு வெட்கப்படாதீர்கள்.

அடுத்ததாகச் சொல்லப் போவதை எழுதுவதா விடுவதா என்று கனநேரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திராது, காதும் கேளாது. தாயின் மணத்தை வைத்தே பால்காம்பைத் தேடி ஊர்ந்து போகிறது. இரண்டு, மூன்று மாதத்தில் அதை யாரோ கொண்டுபோய்விடுகிறார்கள். தாய் மறந்துவிடுமா? 1994 இல் பீற்றர் ஹெப்பர் என்பவர், இவரும் அதே பெல்பாஸ்ற் பல்கலைக்கழகத்தவர்தான், இதைச் சோதித்தார். (பெல்பாஸ்ற், பல வருடங்கள் உள்நாட்டு மோதலைக் கண்ட நகரம். 1998 இல்தான் அங்கே சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. அங்கிருந்து இந்தக் கேள்விகள் வருவது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.) குட்டியாக இருக்கையில் தாயைவிட்டுப் பிரிந்த நாய்களை, ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்குப் பின் அவர் எடுத்தார். அவை படுத்து உறங்கிய துணியைத் தாய் நாய்க்கு வைத்தார். பக்கத்தில், அதே வயதும் அதே இனமுமான வேறு நாயின் துணி. தாய் தன் பிள்ளையின் துணியிலேயே கூடுதல் நேரம் மூக்கை வைத்திருந்தது. வளர்ந்த பிள்ளைகளும் அப்படியே தாயின் துணியை அறிந்தன. இடையில் ஒருநாள்கூட அவை சந்தித்திருக்கவில்லை.

இடம்பெயர்வின்போது நாய்களை விட்டுவிட்டு வந்த கதை இல்லாத வீடு எங்களில் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும் சொல்வார்கள், 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களும் சொல்வார்கள். கட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம் என்பார்கள், அல்லது அவிழ்க்க நேரமில்லை என்பார்கள். பின்னதைச் சொல்லும்போது குரல் இறங்கும்.

எங்கள் குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். மகனுடைய சேட் ஒன்றைத் தோய்க்காமல் வைத்திருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அவர் என்னிடம் கேட்டது இது: "இப்ப எனக்கு அதிலை ஒரு மணமும் வரேல்லை, பிள்ளை. நாய்க்கு வருமோ?" மணம் என்பது ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றில் போகும் மிகச் சிறு துணிக்கைகள். திறந்து திறந்து மணக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். ஆனால் எங்கள் மூக்குக்கு எட்டாத அளவும் நாயின் மூக்குக்கு எட்டும். கிழக்கு ஜேர்மனியில் அக்காலத்து இரகசியப் பொலிஸார், தாம் சந்தேகித்த ஆட்கள் இருந்த கதிரையில் துணியை வைத்து மணத்தை எடுத்து, இறுக மூடிய கண்ணாடிப் போத்தல்களில் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். பின்னர் நாய்க்கு மணக்கக் கொடுத்து ஆட்களைப் பிடிப்பதற்காக. 1990 இல் ஜேர்மனி ஒன்றாகியதோடு அந்த நாடு இல்லாமல் போயிற்று. போத்தல்கள் எஞ்சின. அவர்கள் அதைச் செய்த நோக்கம் கொடியது. ஆனால் மணத்தைக் காக்க வழி எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சேட்டைப் பொலித்தீன் பையில் வைக்காமல், நன்கு கழுவிக் காயவைத்த, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள், வெயில் படாத இடத்தில், அடிக்கடி திறவாமல், பூச்சி உருண்டை போடாமல் என்று அவருக்குச் சொன்னேன். பெரிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவந்து, "இது காணுமோ" என்று காட்டினார். காணும் என்றேன்.

இனி வீட்டுக் காரியம். நாயைப் பற்றி எழுதிவிட்டு, கடியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நாய் கடித்தால், நகத்தால் பிறாண்டினால், புண்ணில் அதன் உமிழ்நீர் பட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், கோப்பித்தூள், எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடிக்கான ஊசி அங்கே இலவசம். எத்தனை ஊசி என்று சொல்கிறார்களோ அத்தனையையும் திகதி தவறாமல் போட வேண்டும். கூலி வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சாப்பாடு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விசர் நோய் தொடங்கிவிட்டால் அதன்பின் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்ல வேண்டும். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று இருக்காதீர்கள். நாய்க்கும் வருடாவருடம் ஊசி போடுங்கள். எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அறியலாம்.

இரண்டு நாய்கள் தெருவில் சந்தித்து மணக்கும்போது கல்லெறியவோ, கட்டிய நாயைச் சங்கிலியில் இழுக்கவோ வேண்டாம். விசாரணை முடியுமுன் இழுக்கப்பட்ட நாய் மற்றதைப் பற்றி ஒன்றும் அறியாமல் பயத்தோடு நிற்கிறது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். குட்டி ஈன்ற நாய்க்கும், சாப்பிடும் நாய்க்கும், நித்திரை கொள்ளும் நாய்க்கும் கிட்டப் போகக் கூடாது. தெரியாத நாய் வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, அதன் கண்ணைப் பாராமல் மரம்போல நிற்க வேண்டும். நாய் கிட்ட வந்து காலை மணக்கும், பாவாடைக் கரையை மணக்கும். மணக்கட்டும். வீட்டு நாயோ தெரிந்த நாயோ என்றால், அது மணந்து முடித்துத் தானாகத் தலையைத் திருப்பும்வரை பொறுத்திருந்து, பிறகு தடவலாம். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோக வேண்டாம், கழுத்தின் பக்கமாக.